சிந்தாமணி சொன்ன விரதம்

குன்னத்துக்குப் பக்கத்தில் சிந்தாமணி வாழ்க்கைப்பட்ட ஊரில் அவளைக் கேட்காமல் ஒரு நல்லதும் நடக்காது, ஒரு கெட்டதும் நடக்காது. வளைகாப்புக்கு எத்தனை வகைச் சோறு, எழவு வீட்டுக்குப் போய் வந்தால் எங்கே குளிப்பது, பங்காளித் தீட்டு எத்தனை நாள், கோடித்துணியை யார் கையால் கொடுப்பது என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவள் வாசலுக்குத்தான் வருவார்கள். அவளும் சளைக்க மாட்டாள். தெரிந்ததைச் சொல்வாள், தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்வாள். நாற்பத்திரண்டு வயதுக்காரிக்கு இத்தனை முறையும் எங்கிருந்து தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. சொல்லும்போது குரலில் ஓர் உறுதி இருக்கும். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறந்தது திருமானூர் பக்கம், கொள்ளிடக்கரையில். நெல்லும் கரும்பும் விளைகிற ஊரிலிருந்து மழையை நம்பிப் பிழைக்கிற ஊருக்கு வந்தவள் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. அந்த மிதப்பு மக்காச்சோளக் காட்டில் களை எடுத்தபோதும், பருத்தி பொறுக்கியபோதும், சின்ன வெங்காயம் அரிந்து விரல் நுனியெல்லாம் கறுத்துப்போனபோதும் குறையவில்லை. இருபது வருடம் அப்படிப் போனது. கணவர் அரியமுத்து கூலிக்கு டிராக்டர் ஓட்டுகிறவர். ஒரே மகள் பூங்குழலி. அவளைப் படிக்க வைத்து, திருப்பூரில் வேலை பார்க்கிற பையனுக்குக் கட்டியும் கொடுத்தாயிற்று.

அப்புறம்தான் பெரம்பலூர்ப் பக்கம் செருப்புக் கம்பெனி வந்தது. ஊருக்கு ஊர் பஸ் விட்டுப் பெண்களை அழைத்துப் போனார்கள். சின்னப் பெண்களுக்கு நடுவில் சிந்தாமணியும் ஏறி உட்கார்ந்தாள். தையல் மெஷினில் உட்கார வைத்தார்கள். வெங்காயம் அரிந்த கைக்கு ஊசியின் வேகம் பிடிபடவில்லை. செருப்பின் மேல்பாகத்தில் அவள் போட்ட தையல் ஒன்றுகூட நேராக வரவில்லை. பத்தாம் நாள் சூப்பர்வைசர் வந்து, இது சரிப்படாது, கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டார். இருபது பெண்கள் காதுபடக் கேட்டார். சிந்தாமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வேண்டாம், இவளை என்னிடம் விடுங்கள் என்று சொன்னவள் லின். தைவானிலிருந்து தையல் சொல்லிக்கொடுக்க வந்தவள், ஐம்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான உருவம், நரைத்த கிராப்பு, எப்போதும் கழுத்தில் தொங்கும் ஒரு சின்னக் கத்தரிக்கோல். தமிழில் அவளுக்குத் தெரிந்தது நாலே வார்த்தை: நல்லா, மெதுவா, தப்பு, மறுபடி. மற்றதற்கெல்லாம் போன்தான். அவள் தன் பாஷையில் போனிடம் சொல்வாள், அது செய்தி வாசிக்கிறவர் மாதிரி சுத்தமான தமிழில் திருப்பிச் சொல்லும். சிந்தாமணிக்குப் பின்னால் நின்று, அவள் கைமேல் தன் கையை வைத்து, தோலை மெஷினுக்குள் தள்ளுவாள். தப்பு. மறுபடி. பதினெட்டு நாள் இப்படி. பத்தொன்பதாம் நாள் தையல் நேராக வந்தது. லின் "நல்லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பெற்ற தாய்கூடத் தன் கையை இத்தனை நாள் பிடித்ததில்லை என்று சிந்தாமணி வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

இரண்டு வருடத்தில் அந்த லைனில் இருந்த நாற்பது பெண்களுக்கும் சிந்தாமணி அக்காவாகிவிட்டாள். தையலில் சந்தேகமென்றால் லின்னிடம் போவார்கள், மற்ற எதிலும் சந்தேகமென்றால் சிந்தாமணியிடம் வருவார்கள். ஊரில் இருந்த உத்தியோகம் கம்பெனியிலும் கிடைத்துவிட்டதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை லின்னின் ஊரில் பண்டிகை. ஒரு வாரமாகவே அவள் முகத்தில் சிரிப்பு. ஒட்டுகிற அரிசியைச் சென்னையிலிருந்து தருவித்தாள். மூங்கில் இலையை, ஊருக்குப் போய்வந்த கூட்டாளி ஒருவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். மூன்று நாள் வேலை முடிந்து போய்க் குவார்ட்டர்ஸ் அடுப்படியில் உட்கார்ந்து கட்டினாள். வெள்ளி காலை டீ நேரத்தில் இரண்டு பெரிய கூடையோடு லைனுக்கு வந்து, ஒவ்வொரு பெண் கையிலும் ஒன்றாக வைத்தாள். முக்கோணமாக மடித்த இலைப் பொட்டலம், குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை நூல், கையில் இன்னும் சூடு. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு எல்லோரும் தேங்க்ஸ் சொன்னார்கள்.

பிறகு போனில் வீடியோ காட்டினாள். நீளமான படகு, முன்னால் வாயைப் பிளந்த டிராகன் தலை, இரண்டு வரிசையாகத் துடுப்பு போடுகிறவர்கள், முகப்பில் ஒருவன் மேளம் அடிக்கிறான். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு முகத்தின்மேல் லின் விரலை வைத்துத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். மகன். பெண்கள் கைதட்டினார்கள். அந்தப் படகு ஜெயிக்கும்வரை யாரும் மெஷினுக்குத் திரும்பவில்லை.

பக்கத்து மெஷின் மலர்கொடிக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இது எந்தச் சாமிக்குப் பண்டிகை என்று கேட்டாள். லின் போனிடம் சொன்னாள். போன் தமிழில் சொன்னது: "ஆற்றில் மூழ்கி இறந்த ஒரு மந்திரிக்காக. மக்கள் படகில் போய் அவர் உடலைத் தேடினார்கள். மீன்கள் அவரைத் தின்னக் கூடாது என்று ஆற்றில் சோறு போட்டார்கள். இது அந்தச் சோறு."

அதற்குள் ஆபீசிலிருந்து ஆள் வந்து லின்னைக் கூப்பிட்டுப் போனார். நாற்பது பேரும் கையில் பொட்டலத்தோடு சிந்தாமணியைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியாது, மேடம் வந்ததும் கேட்போம் என்று அவள் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கமே இல்லையே. அதோடு, வீட்டில் பூங்குழலி ஏழு மாதம். வளைகாப்பு முடித்து அழைத்து வந்து பத்து நாள்தான் ஆகிறது. தண்ணீரில் செத்தவனுக்குத் தண்ணீரில் சோறு போடுவதைக் கொள்ளிடக்கரையில் சிறு வயதிலேயே பார்த்தவள் அவள்.

"இது கருமாதிச் சோறுடி," என்றாள். "தண்ணியில போனவருக்குப் படைச்சது. பங்காளிங்களத் தவிர யாரும் வாயில வெக்கக் கூடாது. வெள்ளிக்கிழம வேற."

என்ன செய்வது என்று மலர்கொடி கேட்டாள். மூஞ்சிக்கு நேராக வேண்டாம் என்று சொல்லக் கூடாது, கையில் வாங்கியாயிற்று, யார் காலும் படாத இடத்தில் போட்டுவிட்டுக் கை அலம்பித் தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள் என்று சிந்தாமணி தீர்ப்புச் சொன்னாள். யார் காலும் படாத இடம் கம்பெனியில் ஏது? பாத்ரூமுக்குப் பின்னால் இருக்கிற குப்பைத் தொட்டிதான். முதலில் அவள் போட்டாள். அவள் பின்னால் வரிசையாக எல்லோரும் போட்டார்கள். ஒருத்தி மட்டும், வாசனை நன்றாக இருக்கிறதே அக்கா என்றாள். சிந்தாமணி ஒரு முறை முறைத்தாள்.

சாயங்காலம் கூட்டிப் பெருக்குகிற ஆண்டாயி அந்தக் குப்பைப் பையை இழுத்து வந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. பை கனம் தாங்காமல் லைனுக்கு முன்னாலேயே கிழிந்தது. எதிரே லின் வந்துகொண்டிருந்தாள். உருண்டோடிய பொட்டலங்களைப் பார்த்து நின்றாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில்கூட நூல் அவிழ்க்கப்படவில்லை. மெஷினிலிருந்து சிந்தாமணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடிவிட முடிந்தால் ஓடியிருப்பாள்.

லின் நேராக அவளிடம்தான் வந்தாள். தன்னுடைய ஆள் அவள்தான் என்ற நம்பிக்கை. போன் பேசியது: "இதில் பன்றி இறைச்சி இல்லை. மாட்டு இறைச்சி இல்லை. அரிசி, நிலக்கடலை, காளான் மட்டும். நீங்கள் எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன்."

செத்தவன் சோறு என்று நினைத்தோம் என்று இந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"விரதம் மேடம்," என்றாள்.

எல்லோருக்குமா என்று லின் கேட்டாள். எல்லோருக்கும்தான், வெள்ளிக்கிழமை என்றாள். நாளைக்கு எடுத்து வைத்திருக்கலாமே என்று லின் கேட்டாள். விரதத்தன்று வந்ததை மறுநாள் தொடக் கூடாது என்று சிந்தாமணி அடித்துவிட்டாள். அப்படி ஒரு முறை குன்னத்திலும் கிடையாது, திருமானூரிலும் கிடையாது.

லின் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். லைனுக்கு முன்னால் போய் நின்று, போனை உயர்த்திப் பிடித்தாள். "உங்கள் விரத நாள் என்று தெரியாமல் உணவு கொடுத்துவிட்டேன். உங்கள் கடவுளிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்." சொல்லிவிட்டு, நாற்பது பேருக்கும் முன்னால் இடுப்பு வளையக் குனிந்தாள். மலர்கொடி திரும்பிச் சிந்தாமணியைப் பார்த்தாள். சிந்தாமணி மெஷினை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. முகமெல்லாம் எரிந்தது. போகும்போது லின் அவள் தோளைத் தொட்டு, ஞாயிற்றுக்கிழமை விரதம் உண்டா என்று கேட்டாள். எதற்கென்று யோசிக்காமலே, இல்லை என்று சிந்தாமணி தலையாட்டிவிட்டாள்.

ஞாயிறு பதினோரு மணிக்கு வீட்டு முன்னால் ஆட்டோ வந்து நின்றது. லின் இறங்கினாள், கையில் புதிதாக வாங்கிய எவர்சில்வர் டிபன் டப்பா. பெரம்பலூரிலிருந்து விலாசத்தைக் காட்டிக் காட்டி விசாரித்து வந்திருக்கிறாள். அரியமுத்து வேலைக்குப் போயிருந்தார். பூங்குழலி வயிற்றைப் பிடித்தபடி எழுந்து வந்து நாற்காலி எடுத்துப் போட்டாள். சுவரோரம் அக்கம்பக்கத்துத் தலைகள் முளைத்தன. வேறு நாளாக இருந்தால் சிந்தாமணிக்கு அதில் பெருமை தாங்கியிருக்காது.

லின் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "வெள்ளிக்கிழமை மதியம் நீங்கள் எல்லோரும் கேன்டீனில் சாப்பிட்டதைப் பார்த்திருந்தேன், அது அன்று இரவுதான் நினைவுக்கு வந்தது. முட்டையும் சாப்பிட்டீர்கள். விரதம் இல்லை என்று எனக்குத் தெரியும். என் சமையல் பிடிக்கவில்லை என்று சொன்னால் நான் வருந்துவேன் என்று மறைத்தீர்கள். எனக்காகப் பொய் சொன்ன உங்கள் நல்ல மனதுக்கு நன்றி."

சிந்தாமணிக்கு நின்ற இடம் தெரியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள், எதிர்த்துக்கூடப் பேசியிருப்பாள். இதை என்ன செய்வது? அவளுக்குப் பக்கத்தில் பூங்குழலி ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

லின் டப்பாவைத் திறந்தாள். இலையையும் நூலையும் பார்த்துத்தான் பயந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் அவிழ்த்து, துண்டு போட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டிக் கொண்டுவந்திருக்கிறாள். தாளிக்கத் தெரியாமல் கடுகு பாதி கருகியிருந்தது.

"வாசமா இருக்கே," என்று பூங்குழலி கையை விட்டு ஒரு துண்டை எடுத்தாள். ஏழு மாதக்காரிக்குப் பசி எந்த நேரமும் உண்டு. வாய்க்குக் கொண்டுபோகும்போது சிந்தாமணியின் கை தானாகப் போய் அதைத் தட்டிவிட்டது. யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். சோறு தரையில் விழுந்து சிதறியது.

லின் கீழே பார்த்தாள், பூங்குழலியின் வயிற்றைப் பார்த்தாள், பிறகு சிந்தாமணியைப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து இறங்கி, தரையில் விழுந்த துண்டை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணை ஊதிவிட்டுத் தன் வாயில் போட்டு மென்றாள். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள். பிறகு போனிடம் ஏதோ சொன்னாள்.

"இதில் விஷம் இல்லை," என்றது போன்.

சிந்தாமணி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். போனை வாங்கி, "எழவுச் சோறுன்னு நான்தான் மேடம் சொன்னேன், எல்லாரையும் போடச் சொன்னது நான்தான்," என்று அழுகையோடு கொட்டினாள். போனுக்கு அது புரியவில்லை. எழவு என்றால் அதற்குத் தெரியவில்லை. லின் உதட்டைப் பிதுக்கி, மெதுவா, மறுபடி என்றாள். மெஷின் முன்னால் சொல்கிற அதே குரல். சிந்தாமணி மூக்கைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக, சுத்தமான தமிழில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

"இது இறந்தவருக்குப் படைத்த சோறு என்று நான் சொன்னேன். சாப்பிட்டால் தீட்டு என்று சொன்னேன். எல்லோரையும் குப்பையில் போடச் சொன்னேன். உங்களிடம் பொய் சொன்னேன். உங்களுக்காகச் சொல்லவில்லை. எனக்காகச் சொன்னேன்."

சுவரோரத்துத் தலைகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. போன் அதை லின்னின் பாஷையில் சொல்லி முடித்தது. பிறகு அவள் சொன்னதைப் போன் தமிழாக்கியது: "அவர் இறந்து இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஊரில் இதைக் குழந்தைகள்தான் முதலில் சாப்பிடுவார்கள். நீங்கள் என்னைக் கேட்டிருக்கலாம்."

"ரெண்டாயிரம் வருசத்துத் தீட்டாம்மா பாத்த?" என்று பூங்குழலி முணுமுணுத்தாள். அவளுக்கும் அம்மாவை நினைத்து வெட்கமாக இருந்தது. டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டு நாலு துண்டு சாப்பிட்டாள். சிந்தாமணியும் ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். தண்ணீர் குடித்துத்தான் இறக்கினாள். லின் டீ குடித்தாள், பூங்குழலிக்கு எத்தனை மாதம் என்று விரல்விட்டுக் கேட்டாள், கோபத்தின் அடையாளமே காட்டாமல் கிளம்பினாள். டப்பாவை வெறுமனே கொடுக்கக் கூடாது என்று சிந்தாமணி கழுவிச் சின்ன வெங்காயம் நிரப்பிக் கொடுத்தாள். ஆட்டோ போன பிறகும் வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி என்ன விஷயம் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள், அவளுக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்தே.

திங்கட்கிழமை லைனில் நாற்பது பேரிடமும், நான் சொன்னது தப்பு, கேட்காமல் சொல்லிவிட்டேன் என்றாள். அக்கா சொன்னதால்தானே போட்டோம் என்று சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆவணியில் பூங்குழலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊரில் யாராவது முறை கேட்டு வந்தால், எனக்குத் தெரியாது, வேறு யாரையாவது கேளுங்கள் என்று அனுப்பிவிடுவாள். முதலில் விளையாடுகிறாள் என்று நினைத்தார்கள். பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

லின் மாறவில்லை. வேலை சொல்லிக்கொடுத்தாள், சிரித்தாள், குழந்தைக்குச் சட்டை வாங்கித் தந்தாள். சிந்தாமணிதான் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் பண்டிகை எந்தத் தேதி என்று பூங்குழலியை விட்டுப் போனில் பார்க்கச் சொன்னாள். ஒரு வாரம் முன்னாலேயே லைனில் எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். மேடம் கொடுத்ததும் அவர்கள் கண்ணெதிரே அவிழ்த்துச் சாப்பிட வேண்டும், ஒரு பருக்கை கீழே விழக் கூடாது. அன்றைக்கு அவள் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினாள். வயிறு காய்ந்தால்தான் நன்றாகச் சாப்பிட முடியும்.

டீ நேரத்துக்கு லின் வந்தாள். கையில் கூடை இல்லை, ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் கடலை மிட்டாய்ப் பாக்கெட்டுகள், பெரம்பலூர்க் கடையில் வாங்கியவை. ஒவ்வொரு பெண்ணிடமும் நின்று, ஒட்டிய ஓரம் பிரிக்கப்படாமல் இருப்பதை விரலால் தடவிக் காட்டி, இரண்டு கையாலும் கொடுத்தாள். இதற்கென்று ஒரு புது வார்த்தை கற்றுக்கொண்டு வந்திருந்தாள். பயப்பட வேண்டாம் என்பதுபோல் சிரித்துச் சிரித்து அதையே நாற்பது பேரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

சிந்தாமணி எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினாள். அவள் கையிலும் ஒரு பாக்கெட்டை வைத்து, ஓரத்தைத் தடவிக் காட்டிவிட்டு லின் சொன்னாள்: "கடை."